இந்தக் கூப்பன் இன்றைக்குச் செல்லாது

1

ஊரிலிருந்து திரும்பிச் சில வாரங்கள் ஆகின்றன. பெட்டிகளைப் பிரித்து அடுக்கியாகிவிட்டது. தூக்கமும் பழைய நேரத்துக்கு வந்துவிட்டது. கடைக்கு மட்டும் இன்னும் நான் போகவில்லை. பாலும் காய்கறியும் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது வாங்கி வருகிறார். அவர் வாங்கி வரும் வெங்காயம் பாதி அழுகல். அழுகியதை வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கிறேன். நேற்று சாப்பிடும்போது அவராகவே கேட்டார்.

"ஏம்புள்ள, புதன்கெழமையானா கடைக்குக் கெளம்பிருவ, உன்னைய ஊட்ல புடிச்சு வெக்க முடியாது. இப்ப என்ன ஆச்சு?"

குளிராக இருக்கிறது என்றேன். இங்கே குளிர் புதிதல்ல என்று அவருக்கும் தெரியும். மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

அவரிடம் சொல்லாததை எழுதிப் பார்க்கிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். சூப்பர்மார்க்கெட் கூப்பனைப் பற்றி இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். முன்பு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என் பெயர் திலகவதி. சேந்தமங்கலத்தில் பிறந்து, நாமக்கல்லில் பி.காம். படித்து, கல்யாணமாகி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றுக்கு வந்தவள். வீட்டுக்காரர் இங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். நான் வந்த விசாவில் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. அனுமதி கிடைத்தபோது வேலை கேட்கும் தைரியம் போய்விட்டிருந்தது. கார் ஓட்டவும் பயம். நடந்து போகும் தூரத்தில் இருந்தது ஒரு சூப்பர்மார்க்கெட் மட்டும்தான். மனிதர்களோடு நான் பேசியதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடையில்தான்.

2

இந்த நாட்டில் நான் படித்த முதல் பாடம் கூப்பன்.

ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளுக்குள் வழவழப்பான வண்ணத் தாள்கள் வரும். சோப்பு, எண்ணெய், பிஸ்கட் என்று எல்லாவற்றுக்கும் புள்ளிக்கோடு போட்ட கட்டங்கள் இருக்கும். கத்தரித்துக் கொண்டுபோய் பில் போடும் இடத்தில் கொடுத்தால் விலையில் கொஞ்சம் தள்ளுபடி. கைக்குழந்தையாக இருந்த மகள் தூங்கும்போது தரையில் உட்கார்ந்து கத்தரிப்பேன். வேலைக்குப் போக முடியாதவளுக்கு அது ஒரு வேலை மாதிரி இருந்தது. வீட்டுக்கு நானும் ஏதோ செய்கிறேன் என்று ஒரு நிம்மதி.

முதல் தடவை கொண்டுபோனபோது "கூப்பன்" என்றேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்குப் புரியவில்லை. கையில் இருந்ததைக் காட்டியதும், "ஓ, க்யூபான்" என்றாள். அதை வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு அடுத்த வாரம் போனேன். அன்று அங்கே இருந்த பையன், "கூபான்தானே சொல்கிறீர்கள்?" என்று திருத்தினான். ஒரு சொல்லையே இரண்டு விதமாகச் சொல்கிறவர்கள் சட்டத்தை மட்டும் ஒரே விதமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

தேதியிலும் ஏமாந்தேன். ஒரு கூப்பனில் 5/8 என்று போட்டிருந்தது. நம் வழக்கப்படி ஆகஸ்ட் ஐந்து என்று படித்துவிட்டேன். இங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். மே எட்டோடு முடிந்துபோன கூப்பனை ஜூலை மாதத்தில் நீட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் அதைத் தூக்கிப் பிடித்துப் பக்கத்துக் கவுன்டர் பெண்ணுக்குக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் என்னிடம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தேதியைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். விதிகளைத்தான் கற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு பொருளுக்கு ஒரு கூப்பன் என்பார் ஒருவர். ஒரு ஆளுக்கு ஒன்று என்பார் அடுத்தவர். கம்ப்யூட்டரில் அச்சடித்தது செல்லாது என்று ஒரு வாரம் திருப்பிக் கொடுத்தவரே மறுவாரம் எனக்கு முன்னால் நின்றவரிடம் அதையே வாங்கிப் போடுவார். சுவரில் விதிகளை எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நின்று முழுவதும் படித்தேன். மேலாளரின் முடிவே இறுதியானது என்பது கடைசி வரி. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பாட்டுக் கேட்கவைத்து, வேறு ஆளுக்கு மாற்றி, மறுபடியும் பாட்டுக் கேட்கவைத்து, கடைசியில் ஒருவர் சொன்னார்: "அது அந்தந்தக் கடையின் விருப்பம், மேம்." கடையில் போய்ச் சொன்னால், "தலைமை அலுவலகம் எங்களை விடுவதில்லை" என்றார்கள்.

டெப்ரா என்று ஒரு நரைத்த தலைப் பெண்மணி இருந்தார். அவர் கவுன்டரில் எல்லாக் கூப்பனும் செல்லும். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் நான் அவர் வரிசையில்தான் நிற்பேன். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகுதான் மற்றவர்களை நன்றாகக் கவனித்தேன். கூப்பனைப் படிக்கும் முன்பே அதை நீட்டுகிற ஆளைப் படித்துவிடுகிறார்கள். நிறம், உடை, பேசும் இங்கிலீஷ், பின்னால் நிற்கும் கூட்டம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். ஒரு நொடிக்குள் முடிவாகிவிடும். பிறகுதான் அதற்கேற்ற விதியைத் தேடி எடுப்பார்கள்.

3

எங்களுக்கு ஒரே மகள். ஓவியா. கல்லூரியில் படிக்கும்போது எங்களோடுதான் இருந்தாள். அந்தக் கடையிலேயே அவளுக்கு பில் போடும் வேலை கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சேலத்தில் இருக்கும் என் தங்கை வசந்தாவைப் போனில் கூப்பிட்டு, "நம்ம பாப்பா நான் போற கடையிலயே வேலைக்குச் சேந்துட்டா" என்றேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

முதல் நாள் சட்டையில் பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு மகள் கிளம்பினாள். ஒலிவியா என்று இருந்தது.

"இது யாரு சாமி?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா. எல்லாருக்கும் கூப்பிட ஈஸி."

ஓவியா என்று சொல்ல அப்படி என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. அதைக் கேட்பதற்குள் அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

சில நாள் கழித்து, தன் வேலை நேரத்தில் கடைக்கு வர வேண்டாம் என்றாள். என் இங்கிலீஷ் அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கட்டும், வயசு அப்படி என்று விட்டுவிட்டேன். அவள் இல்லாத நேரம் பார்த்துப் போய்வந்தேன்.

ஒரு புதன்கிழமை அவள் நேரத்தை மாற்றிவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது. அரிசி மூட்டையையும் பாலையும் ட்ராலியில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் ஒரே ஒரு கவுன்டர்தான் திறந்திருக்கிறது. உள்ளே என் மகள் நிற்கிறாள்.

எனக்கு முன்னால் ஒரு உயரமான மனிதர் நாய்க்குத் தீனி வாங்கிக்கொண்டு நின்றார். அவர் கொடுத்த கூப்பனைப் பார்த்துவிட்டு, தேதி முடிந்துவிட்டது என்று ஓவியா சொன்னாள். அவர் குரலை உயர்த்தினார். எத்தனை வருடமாக இந்தக் கடைக்கு வருகிறேன் தெரியுமா, எனக்கே சொல்கிறாயா என்றார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற மேலாளர் போடு என்று கையைக் காட்டினார். ஓவியா போட்டாள். சிரித்துக்கொண்டே, "இன்றைய நாள் உங்களுக்கு இனிதாக இருக்கட்டும்" என்றாள்.

அடுத்தது நான். என் கூப்பன் அந்த அரிசிக்கு உரியது. தேதி பாக்கி இருந்தது. ஓவியா என் முகத்தைப் பார்க்கவில்லை. கூப்பனைப் புரட்டிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னாள்.

"மேம், இந்தக் கூப்பன் இன்றைக்குச் செல்லாது."

நான் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னேன். "தேதி இருக்குதே சாமி. பாரு."

"கூப்பன் இல்லாமல் வாங்கிக்கொள்கிறீர்களா, மேம்?"

மேலாளர் இன்னும் அங்கேயே நின்றார். எனக்குப் பின்னால் ஒரு பெண் பெருமூச்சு விட்டு ட்ராலியை முன்னால் தள்ளினார். அது என் இடுப்பில் இடித்தது. அரிசியை அங்கேயே விட்டுவிட்டேன். பாலுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மேம் என்ற சொல்லைப் பல வருடமாகக் கேட்கிறேன். மரியாதைச் சொல் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்துகிற சொல் அது என்று அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் அவள் வந்தாள். நான் கேட்கும் முன்பே சொன்னாள்.

"அம்மா, வீட்டு ஆளுங்க கூப்பனை நாங்க போடக் கூடாது. அது ரூல். ஒரு பையன் அவங்க அம்மாவோட கூப்பனைப் போட்டதுக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

"எங்கம்மான்னு மேனேஜர்கிட்டச் சொல்லியிருக்கலாமே. அவரு பில் போட்டிருப்பாரே."

"சொல்லியிருந்தா, இத்தனை நாளா நீ கொண்டுவந்த கூப்பனை எல்லாம் தோண்டிப் பாப்பாங்க. நான்தான் உனக்குக் குடுத்தேன்னு சொல்லுவாங்க."

அதுகூட எனக்கு நியாயமாகப் பட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

"அந்த ஆளோடது தேதி முடிஞ்சது. அது மட்டும் எப்படிச் செல்லுது?"

அவள் குனிந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கோபம் ஒன்றும் இல்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

"அவரு கத்துவாரும்மா. நீ கத்த மாட்ட. எங்களுக்கு அது தெரியும்."

எங்களுக்கு என்றாள். எங்கள் வீட்டுக் கூடத்தில், என் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அவள் எங்களுக்கு என்று சொன்னது கடைக்காரர்களை. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் அதைக் கிண்டினேன். ஓவியா படிப்பு முடிந்து இப்போது வேறு மாநிலத்தில் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அந்த நாளைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

4

நீ கத்த மாட்ட என்று அவள் சொன்னது என்னை விடவில்லை. அது உண்மையும்கூட. எங்கள் குடும்பத்தில் யாரும் கடையில் நின்று கத்தியதில்லை.

எங்கள் அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தார். சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவார். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை இருந்தது. ஊர்க் கடைக்காரர் என்றால் அன்பாக இருப்பார், தெரிந்த முகம் என்று பார்த்துக் கொடுப்பார் என்று வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன். அந்தக் கடைக்காரருக்கும் முகங்கள் நன்றாகத் தெரியும். அதனால்தான் புல்லட்டில் வருகிறவர்களுக்கு ஸ்டூல் போடுவார். எங்களுக்குக் கல் கலந்த பருப்பைக் கட்டுவார்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அப்பாவோடு எண்ணெய் வாங்கப் போனேன். தீர்ந்துபோய்விட்டது என்றார் கடைக்காரர். நாங்கள் நிற்கும்போதே ஒரு போர்வெல் ரிக் வண்டி முதலாளியின் வீட்டு ஆள் வந்து டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். உள்ளே இன்னும் டின்கள் இருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

"அவங்கூட என்ன பேச்சு சாமி, வா போலாம்" என்றார் அப்பா.

கடைவீதிவரை நடந்துபோய் வேறு கடையில் வாங்கினோம். அப்பாவுக்கு எவ்வளவு மானம் பார் என்று ரொம்ப காலம் பெருமையாக நினைத்திருந்தேன். மகள் அப்படிச் சொன்ன பிறகு அந்தப் பெருமையைத் தொட்டுப் பார்க்கவே பயமாகிவிட்டது. அவர் பேசாமல் வந்தது மானத்தால் என்று எனக்கு எப்படித் தெரியும்? பேசினாலும் எடுபடாது என்று தெரிந்து வந்திருக்கலாம். கேட்க அவர் இல்லை.

5

இந்தத் தடவை ஊருக்குப் போனது வசந்தாவின் மகளுக்கு வளைகாப்பு என்று. வசந்தா சேலத்தில் சூரமங்கலத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ரயில்வேயில் டெக்னீஷியன். அவள் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். நான் போய் இறங்கிய மறுநாள், சாமான் வாங்க, வசதியானவர்கள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் போகலாம் என்றாள்.

"அங்க பெரிய கடை ஒண்ணு வந்திருக்குதுக்கா. எல்லாம் ஏசி. கூப்பன் சேத்து வெச்சிருக்கேன், ஒரு ஹாட் பாக்ஸ் சும்மா குடுப்பாங்க. வளைகாப்புச் சோத்தை அதுல வெச்சாச் சூடு ஆறாது."

அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம். தரையில் உட்கார்ந்து நான் கத்தரித்த காலத்துச் சந்தோஷம். டவுன் பஸ் ஏறிப் போனோம்.

வாசலில் செக்யூரிட்டி வசந்தாவின் துணிப்பையை வாங்கி வைத்துக்கொண்டார். என் தோளில் தொங்கிய பையை அவர் கேட்கவே இல்லை. அது அவளுடையதைவிடப் பெரியது.

"என்னோடதும் வெக்கணுமில்ல?" என்றேன்.

"பரவாலீங்க மேடம், நீங்க போங்க" என்றார்.

"எப்பவும் அப்படித்தான், வாக்கா" என்றாள் வசந்தா.

முந்திரி, நெய், திராட்சை, சர்க்கரை எல்லாம் எடுத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வந்தோம். கவுன்டரில் ஒரு பெண். இருபது வயதுக்குள்தான் இருக்கும். உட்கார நாற்காலி இல்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு பில் போட்டாள். வசந்தா கூப்பன்களை நீட்டினாள். அந்தப் பெண் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது முடிஞ்சு போச்சுங்க. ஸ்டாக் இல்லீங்க."

"மாசக் கடைசி வரைக்கும்னு போட்டிருக்குதுங்களே."

"அது எங்களுக்குத் தெரியாதுங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பின்னாடி ஆளு நிக்கறாங்க."

வசந்தா ஓரமாக நகர்ந்தாள். அடுத்து வந்தவர் கார் சாவியைக் கவுன்டர் மேல் வைத்தார். சூப்பர்வைசரே உள்ளேயிருந்து ஒரு ஹாட் பாக்ஸைக் கொண்டுவந்து, "சாருக்கு வெச்சுக் குடும்மா" என்றார். அந்த ஆளிடம் கூப்பன் கேட்டதாகவே எனக்குத் தெரியவில்லை.

வசந்தாவும் பார்த்தாள். கூப்பன்களை மடித்து மணிபர்சுக்குள் வைத்தாள். "வாக்கா, போலாம்" என்றாள்.

நான் கத்தினேன்.

வாயிலிருந்து வந்தது இங்கிலீஷ். இத்தனை வருடத்தில் அந்த நாட்டில் ஒரு தடவைகூட என் தொண்டையிலிருந்து வராத இங்கிலீஷ், சேலத்தில் ஒரு கடைக்கு நடுவில் நின்றுகொண்டு தடங்கல் இல்லாமல் வந்தது. கூப்பன் என்றுகூட வரவில்லை, க்யூபான் என்று வந்தது. நாய்த் தீனி வாங்கிய மனிதர் பேசியதுபோலவே பேசினேன். என்ன கடை நடத்துகிறீர்கள், இந்தப் பெண்ணுக்கு வாடிக்கையாளரிடம் பேசத் தெரியுமா, உங்கள் மேலாளரைக் கூப்பிடுங்கள். கையை நீட்டி அந்தப் பெண்ணைக் காட்டிக் காட்டிப் பேசினேன். அவளுக்கு நான் பேசியதில் பாதி புரிந்திருக்காது. என் விரல் மட்டும் புரிந்திருக்கும்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "சாரிங்க மேடம், சாரிங்க. ஃபாரினுங்களா மேடம்?" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எத்தன தடவ சொல்றது? ஆளு யாருன்னு பாத்துப் பேச மாட்டயா? கேளு மன்னிப்பு."

"சாரிங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். கண் என் மேல் இல்லை. கவுன்டர் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

ஆளைப் பார்த்துப் பேசு என்பதுதான் விதி. எந்தக் கடையிலும் சுவரில் எழுதாத அந்த விதியை அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் சூடாக, நன்றாக இருந்தது. ஒன்றுக்கு இரண்டு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பினால் வசந்தாவைக் காணோம். அவள் வெளியே போய்த் துணிப்பையை வாங்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றாள்.

இரண்டு டப்பாக்களோடு பஸ்ஸில் ஏற முடியாது என்று ஆட்டோ பிடித்தேன். ஆட்டோ ஐந்து ரோடு சிக்னலைத் தாண்டியது. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புள்ளைய எதுக்குக்கா அப்படிப் பேசின?"

"உன்னைய ஓரமா நில்லுன்னா."

"சொன்னா. அவ மட்டும் என்ன உக்காந்துக்கிட்டா சொன்னா? காலைல இருந்து நிக்கறா. இல்லைன்னு சொல்லச் சொன்னவன் உள்ள நிக்கறான். நீ அவனையா பேசின?"

மடியில் இருந்த டப்பாக்களை இன்னொரு பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"நீ அடுத்த வாரம் பிளேன் ஏறிடுவ. நான் அந்தக் கடைக்குத்தான் போவணும். அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

வளைகாப்பன்று தக்காளி சாதமும் தயிர் சாதமும் பழைய தூக்கிலேயே இருந்தன. ஹாட் பாக்ஸ் இரண்டையும் வசந்தா பரண்மேல் போட்டுவிட்டாள். யாரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவியா போன் செய்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றி, வசந்தா கேட்டதைப் பற்றி எல்லாம் சொல்லத்தான் ஆரம்பித்தேன். நான் கத்தினேன் என்ற இடத்திலேயே அவள் சிரித்துவிட்டாள். சந்தோஷமான சிரிப்பு.

"நெஜமாவாம்மா? நீயா? எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு."

சின்னக் குழந்தையாக இருந்தபோது பேசிய குரல் அது. எத்தனையோ வருடமாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. ஆமாம் சாமி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

6

ஊரைவிட்டுக் கிளம்ப இன்னும் சில நாள் இருந்தபோது, வசந்தா துணி வாங்கக் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன். வெளிநாட்டுக்காரி என்று தோன்றக் கூடாதென்று சேலைதான் கட்டியிருந்தேன். கையில் பையும் இல்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. சும்மா போய் நிற்க முடியாதே என்று ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு அவள் வரிசையில் நின்றேன்.

என்னைப் பார்த்ததும் அவள் கால் மாற்றாமல் நேராக நின்றாள்.

"வணக்கங்க மேடம். கூப்பன் ஏதாச்சும் இருக்குங்களா மேடம்?"

இல்லை என்றேன். அவள் சோப்பை பில் போட்டுவிட்டு, கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா செட்டை எடுத்துச் சோப்போடு கடைப் பையில் வைத்தாள்.

"இது வேண்டாம் சாமி. நான் ஒண்ணும் வாங்கலயே."

"இருக்கட்டுங்க மேடம். வெச்சுக்கங்க."

"சாமி, அன்னைக்கு நான் உன்னையப் பேசினது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் கண் என்னைத் தாண்டி உள்பக்கம் போய்விட்டு வந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம்."

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன். உம்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் பில்லைக் கிழித்து நீட்டினாள். உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நீங்க பேசிட்டே நின்னீங்கன்னா மறுக்காவும் என்னமோ பிரச்சனைன்னு நெனைப்பாருங்க. தயவு பண்ணிப் போயிருங்க. ஊட்ல நான் ஒருத்திதானுங்க சம்பாதிக்கறேன்."

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"மேடம், என்னங்க மேடம் ஆச்சு? இவ ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் பேசறா."

"எதுன்னாலும் தயங்காமச் சொல்லுங்க மேடம். இதுக மேல ஏற்கெனவே கம்ப்ளைன்ட் இருக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இன்னைக்கே அனுப்பிச்சரலாம்."

நல்ல பெண், ரொம்ப நல்ல பெண் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே அவளை முறைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த ஆளின் சாமானை எடுத்து வேகவேகமாக பில் போட ஆரம்பித்தாள். இனி நான் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்குக் கெடுதல் என்று தெரிந்தது. வெளியே வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவும் அந்த இடத்தில் வழி இல்லை. அதையும் புகாராகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அவள் வேலை நிலைத்ததா போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வசந்தாவைக் கேட்கச் சொல்லவும் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வசந்தா திரும்பியிருந்தாள். தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள், என் கையில் இருந்த கடைப் பையைப் பார்த்தாள்.

"மறுபடியும் அங்க போனயா?"

"போனேன்."

எழுந்து வந்து பையைப் பிரித்துப் பார்த்தாள். சோப்பு இருந்தது. அதன்மேல் புது டப்பா செட் இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை. இதை எப்படி வாங்கினாய் என்று கேட்பாள், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை; மறுபடியும் கத்தி வாங்கியது என்று நினைத்துவிட்டாள்போல. பையைப் பழையபடி மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"இனி உனக்கு என்ன வேணும்னாலும் எங்கிட்டச் சொல்லுக்கா. நான் போய் வாங்கிட்டு வாரேன். நீ ஊட்லயே இரு."

கோபமாகச் சொல்லவில்லை. நன்றாகத்தான் சொன்னாள். போய் மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். விமானம் ஏறும்வரை அப்படியேதான் நடந்தது. தலைக்கு எண்ணெய் வாங்கக்கூட அவள் என்னைத் தெருமுனைக்கு விடவில்லை.